இருநூற்றுப் பத்தில் பறந்த கார்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்கள் தங்கச்சி. எனக்குக் காற்று வேண்டாம், பேச்சுத் துணை போதும். பல்லடம் வந்துவிட்டதா? இன்னும் இல்லையா? இந்த டிரைவர் அறுபதைத் தாண்ட மாட்டேன் என்று யாருக்கோ சத்தியம் பண்ணியிருக்கிறார் போல. நான் இருநூற்று எண்பதில் போனவள்.

சிரிக்காதீர்கள், உண்மை. வளைவிலேயே இருநூற்று முப்பது. நிஜ வண்டி இல்லை. டிவிப் பெட்டியில் ஓடுகிற கார். என் மகன் செய்த விளையாட்டு. கையில் ஒரு சாதனம் தருவார்கள், இரண்டு கொம்பு வைத்த வடை மாதிரி இருக்கும். வலது கை விரலால் அமுக்கினால் வேகம், இடது கட்டைவிரலால் கொம்பைத் தள்ளினால் திருப்பம். அவ்வளவுதான். அம்மி அரைப்பது இதைவிடக் கஷ்டம்.

எனக்குச் சங்கரன்கோவில். பெயர் ஆவுடையம்மாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று பெருமையாய்ச் சொல்லிக்கொள்வார். ஒரு கோழியை அடித்திருக்கிறார். நான்தான் அதைக் குழம்பு வைத்தேன். ஆனால் அவர் பெருமையைக் கெடுப்பானேன் என்று நான் வாயைத் திறப்பதில்லை.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் கல்யாணமாகி ஷார்ஜாவில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை போனில் தன் சமையலைக் காட்டுவாள், நான் நன்றாயிருக்கிறது என்பேன். இளையவன் கோமதிநாயகம். எங்கள் ஊர் கோமதி அம்பாள் பெயர். நாங்கள் நாயகம் என்போம், கோயம்புத்தூரில் அவன் சிநேகிதர்கள் கோமு என்கிறார்கள். முதல் நாள் கேட்டதும் ஏதோ மாட்டைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

என்ஜினீயர் படித்துவிட்டு, மூன்று வருஷமாய் ஒரு மாடி வீட்டில் இந்தக் கார் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தான். அவனோடு இரண்டு பேர். ஜோயல் நாசரேத்துப் பையன். காரின் எடை, டயரின் பிடிமானம், காற்று, எல்லாக் கணக்கும் அவன் கையில். தஸ்லிமா உக்கடத்துப் பெண். காருக்கு உடம்பு வரைகிறவள், தினமும் காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவாள். ரோடு போடுகிற வேலை என் மகனுக்கு. புளியமரமெல்லாம் வைத்து நம் ராஜபாளையம் ரோடு மாதிரியே போட்டிருக்கிறான். குழி மட்டும் இல்லை, அதனால் கொஞ்சம் நம்ப முடியாது.

வீட்டுக்காரருக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. "நான் ஓட்டினது வண்டி. இவன் ஓட்டுறது படம்" என்பார். பொங்கலுக்கு வந்தவனை உட்காரவைத்துப் பேசி, அம்பாள் மேல் சத்தியம் வாங்கிவிட்டார். வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, இந்த மாதிரி விளையாட்டுகளை வாங்கி விற்கிற சென்னைக் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து விளையாட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அவன் வழியில் அவன் போகலாம். பிடிக்கவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து என் கொழுந்தனாரின் உரக் கடையில் உட்கார வேண்டும். இதுதான் பேச்சு. பையனும் தலையை ஆட்டிவிட்டான்.

அந்தக் கடைசி மாசம், வேளாவேளைக்குப் பொங்கிப்போட ஆள் வேண்டும் என்று நான் கோயம்புத்தூர் போனேன். புறப்படும்போது அம்பாள் சந்நிதியில் ஒன்று வேண்டிக்கொண்டு போனேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

போய்ப் பார்த்தால் மூன்று பேர் முகமும் பேயறைந்த மாதிரி இருந்தது. காருக்குச் சீக்கு. நூற்றைம்பது வரைக்கும் பெட்டிப் பாம்பாய் ஓடும். இருநூறு வந்ததும் திருப்புகிற கொம்பை லேசாகத் தொட்டால் போதும், தலை ஒரு பக்கம் போகும், வால் ஒரு பக்கம் போகும், கார் கல்யாண வீட்டில் குடித்தவன் மாதிரி ஆடிக்கொண்டே போய்ப் புளியமரத்தில் முட்டும்.

"ஆன்ட்டி, நீங்க ஓட்டுங்க" என்றான் ஜோயல்.

"நானா? எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே ராசா."

"அதான் வேணும். எங்க கை பழகிப்போச்சு. வண்டி போற கோணலுக்கு எங்களை அறியாம வளைஞ்சு குடுத்துடுறோம். ஒண்ணுந்தெரியாத கைதான் உள்ள குறையை அப்படியே காட்டும்."

எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு இவ்வளவு மரியாதை இதுவரை யாரும் தந்ததில்லை தங்கச்சி. உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவை முட்டியதற்கும் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட்டேன். முதல் நாளே டம்ளர் நிறைந்துவிட்டது.

ஜோயல் இரண்டு வைத்தியம் செய்தான். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். மெதுவாய்ப் போகும்போது கொம்பை முழுக்கத் தள்ளினால் டயர் முழுக்கத் திரும்பும். வேகம் ஏற ஏற, அதே மாதிரி தள்ளினாலும் டயர் கொஞ்சமாய்த்தான் திரும்பும். இது ஒன்று. இன்னொன்று காற்று. வேகம் ஏற ஏறக் காற்று வந்து காரின் தலையில் கைவைத்து ரோட்டோடு அமுக்க வேண்டும். இந்த இரண்டிலும் ஒரு அளவு கூடினால் கார் கட்டைவண்டி, ஒரு அளவு குறைந்தால் மறுபடி குடிகாரன். அவன் ஒரு எண்ணை மாற்றுவான், நான் ஓட்டுவேன், அவன் மாற்றுவான், நான் ஓட்டுவேன். அடுப்பில் குழம்பு தீய்ந்தது எத்தனை நாள்! மூன்று பேரும் ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றார்கள். இவராயிருந்தால் தட்டு பறந்திருக்கும்.

ராத்திரி கண்ணை மூடினால் புளியமரம் இரண்டு பக்கமும் ஓடும். ஜபம் பண்ண உட்கார்ந்தால் வலது கை விரல் தானாய் அமுங்கும். அம்பாளிடம் நேராகவே சொன்னேன்: "கோமதி, பிள்ளைங்க இம்புட்டுப் பாடுபடுது. இந்தக் காரு கவுழாம ஓடிச்சுன்னா உனக்கு வெள்ளியில ஒரு காரு உரு வாங்கிப் போடுறேன்." எங்கள் கோயிலில் அப்படி ஒரு வழக்கம். பாம்பு, தேள், கை, கால் என்று வெள்ளித் தகட்டில் வெட்டி விற்பார்கள், நமக்கு எதில் குறையோ அதை வாங்கி உண்டியலில் போட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன கோயில் புற்றுமண்ணையும் கம்ப்யூட்டர் நெற்றியில் ஒரு இழுப்பு இழுத்தேன். ஜோயல் கர்ச்சீப்பால் துடைத்தான். அவன் அந்தப் பக்கம் போனதும் மறுபடி இழுத்தேன்.

பதினெட்டு நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தங்கச்சி, கார் ஓடியது! இருநூறு, இருநூற்று ஐம்பது, இருநூற்று எண்பது. கோயில் யானை மாதிரி அசையாமல் போனது. தொட்டால் திரும்பியது, விட்டால் நிமிர்ந்தது. ஜோயல் அந்த அளவுகளை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டான். நான் கேசரி கிண்டினேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டு வசந்தாமணி படியேறி வந்தாள். வீட்டுக்காரம்மா. தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவள், கேசரி வாசத்துக்கு உள்ளே வந்தாள். வாசலில் நின்று ஒரு நிமிஷம் டிவியைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க்கா, வண்டி சும்மா பறக்குதுங்களே!"

நான் கரண்டியோடு போய் டிவியை மறைத்து நின்றுகொண்டேன். நல்ல பொம்பளைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவள் முந்தின வாரம் என் ஊறுகாயைப் பார்த்து "என்ன நிறமுங்க்கா!" என்றாள், மறுநாளே பூசணம் பிடித்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நாயகமும் ஜோயலும் டீ குடிக்க இறங்கியதும் தஸ்லிமாவைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏட்டி, காருக்கு முன்னால ஒரு எலுமிச்சம்பழம், நாலு பச்சை மிளகாய், கயித்துல கோத்துத் தொங்கவிடு."

"விட்டாப் போச்சும்மா. அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். தங்கமான பெண். வரைந்தும் விட்டாள், படத்தைக் காரின் முன்பக்கமாய்த் திருப்பியும் வைத்தாள். நான் ஓட்டிப் பார்த்தேன். பழம் ரோட்டோரக் கல்லுக்குள்ளே நுழைந்து வெளியே வந்தது, புகை மாதிரி.

"இது என்னட்டி, ஆவியா?"

"சும்மா அலங்காரம்தானேம்மா. இதெல்லாம் ஊடே போற மாதிரிதான் வைப்போம்."

"கல்லு ஊடே போகுதுன்னா கண்ணேறும் ஊடே போயிடாதா? கெட்டியா வை. நிஜப் பழமா இருக்கணும். எதுல பட்டாலும் நசுங்கக் கூடாது."

யோசித்துப் பாருங்கள், நான் கேட்டதில் ஏதாவது தப்பு உண்டா? அவளுக்கும் ஞாயமாய்த்தான் பட்டது. கெட்டியாக்கிவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். திருஷ்டிக்குச் செய்வதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டா செய்வார்கள்? வழக்கமாய்க் காரைப் பின்னாலிருந்து பார்க்கிற மாதிரிதான் படம் தெரியும், அதனால் மூக்கில் தொங்குவது யார் கண்ணிலும் படவில்லை.

புதன்கிழமை காலை. நாயகம் ஓட்டினான். இருநூற்றுப் பத்து வந்தது. கார் தலையைத் தூக்கி, எழும்பி, ஆகாயத்தில் இரண்டு குட்டிக்கரணம் அடித்து, புளியமரத்துக்கு மேலே போய் விழுந்தது. மரத்தில் முட்டுகிற கார் போய், மரத்தைத் தாண்டுகிற கார் வந்துவிட்டது.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு! யாராச்சும் எதையாச்சும் மாத்தினீங்களா?" என்று கத்தினான் ஜோயல்.

தஸ்லிமா என்னைப் பார்த்தாள். நான் கருவேப்பிலை உருவினேன். "இல்லையே, சும்மா அலங்கார வேலைதான்" என்றாள் அவள்.

காற்று போதவில்லை, அதனால்தான் எழும்புகிறது என்று ஜோயல் இன்னும் கூட்டி அமுக்கினான். இப்போது நூற்றுத் தொண்ணூறிலேயே பறந்தது. இன்னும் அமுக்கினான். நூற்று எழுபது. அமுக்க அமுக்கச் சீக்கிரமே பறக்கிறது! "எல்லாம் தலைகீழா நடக்குதே" என்று அவன் தலையில் கைவைத்தபோது எனக்கு மட்டும் காரணம் பளிச்சென்று தெரிந்துவிட்டது. வசந்தாமணி கண் சாதாரணக் கண் இல்லை. ஒற்றைப் பழத்துக்கு அடங்குகிற கண் இல்லை.

வியாழக்கிழமை தஸ்லிமாவைப் பிடித்து, ஐந்து பழம், பதினோரு மிளகாய், நடுவில் ஒரு துண்டு கரி, ஒரு முழக் கயிறு என்று கட்டச் சொன்னேன். கட்டினாள். கார் எண்பதில் பறந்தது.

சாயங்காலம் இவர் போன் பண்ணினார். தினமும் அதே கேள்விதான். "என்ன, இன்னைக்கு எத்தனை தடவ கவுந்துது?"

"எண்ணலை."

"உன் கொழுந்தன் கடையில நாற்காலி வாங்கிப் போட்டாச்சு. சுத்துற நாற்காலி. அதையாவது கவுக்காம உக்காரச் சொல்லு."

நாயகம் பக்கத்தில்தான் இருந்தான். கேட்டுக்கொண்டுதான் இருந்தான். எழுந்துபோய்ச் சட்டைகளை மடிக்க ஆரம்பித்தான். அன்றைக்கு எனக்கும் அம்பாளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. விளக்கு ஏற்றினேன், கும்பிடவில்லை. "எண்ணெய்க்குக் கேடு, எரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. பதினொரு மணிக்குச் சென்னைக்காரர்கள் வருகிறார்கள். ஒன்பது மணிக்கு நாயகம், "ஓடாட்டியும் பரவாயில்ல, நிக்கிறபோதாவது அழகா நிக்கட்டும். முன்னாலிருந்து ஒரு படம் காட்டுவோம்" என்று காரைத் திருப்பி, மூக்கைக் காட்டினான்.

பழமும் கரியும் மிளகாயும் கொத்தாய்த் தொங்கின.

"ஏ தஸ்லிமா, என்ன இது? காரா, காய்கறிக் கடையா?" என்று சிரித்துவிட்டான் நாயகம்.

தஸ்லிமா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஜோயல் சிரிக்கவில்லை. அவன் பழங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டே வந்து, ஒற்றைப் பழத்தோடு காரை ஓட்டி, பறந்த இடத்தை எறும்பு ஊர்கிற வேகத்தில் திரும்ப ஓட்டிக் காட்டினான். வேகம் ஏறுகிறது. காற்று காரின் தலையை அமுக்குகிறது. மூக்கு தாழ்கிறது, தாழ்கிறது. எலுமிச்சம்பழம் ரோட்டைத் தொடுகிறது. ரோடு வழி விடாது. பழமும் நசுங்காது. பிறகு கார்தானே போக வேண்டும்? போனது, மேலே.

"ஆன்ட்டி..." என்றான் ஜோயல். "மூணு நாளா என் கணக்கு தப்புன்னு நெனச்சு அழுதேன் ஆன்ட்டி." சொல்லிவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. "ஆண்டவரே, எலுமிச்சம்பழம்" என்று மட்டும் கேட்டது.

"எல்லாத்தையும் எடுத்துரு" என்றான் நாயகம்.

"எடுக்காதலே!" என்றேன் நான். வாய் தானாய்ச் சொல்லிவிட்டது. "அன்னிய மனுசங்க வர்ற நாள்ல பழத்தை எடுக்கச் சொல்லுதியே! எத்தனை கண்ணு படும்!"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஒரு பிடி பிடித்திருப்பேன். மெதுவாய்ச் சொன்னான். "அம்மா, பழம் இருந்தா எனக்கு உரக் கடை. பழம் போனா காரு. நீயே சொல்லு."

உரக் கடை என்ற சொல் காதில் விழுந்ததும்தான் எனக்கு உறைத்தது. பிறகு சொல்கிறேன் என்றேனே தங்கச்சி, அந்த வேண்டுதல், அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புறப்படுமுன் அம்பாளிடம் நான் கேட்டது இதுதான்: "தாயே, என் பிள்ளைக்கு இந்தக் காரு கிறுக்கு தெளிஞ்சு வீட்டுக்கு வந்து சேரணும். மாவிளக்கு போடுறேன்." பிறகு வெள்ளிக் கார் என்று வேறு வேண்டிக்கொண்டேன். ஆனால் முதல் வேண்டுதலை வேண்டாம் என்று சொல்ல மறந்தே போனேன். அவள் வரிசைப்படி முதலாவதை எடுத்துக்கொண்டு, என் கையாலேயே, என் வாயாலேயே பழத்தைக் கெட்டியாக்கச் சொல்லி... பார்த்தீர்களா அவள் வேலையை? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?

"எடு" என்றேன். "ஒரு காம்புகூட மிச்சமில்லாம எடுத்துரு." சொன்னேனே தவிர மனசு கேட்கவில்லை. "தஸ்லிமா, பழம் வேண்டாம், கன்னத்துல ஒரு மைப்பொட்டு மட்டும் வை தாயி. பிள்ளைக்கு வைக்கிற மாதிரி."

ஜோயல் தலையைத் தூக்கினான். "பொட்டுக்கு எடை உண்டா? எதிலயாச்சும் இடிக்குமா?"

"வெறும் நிறம்தான்டா" என்றாள் தஸ்லிமா.

"எனக்கு நீ சத்தியமே பண்ண வேண்டாம். ஓட்டிப் பாத்துக்கிறேன்" என்றான். செவ்வாய்க்கிழமை நோட்டில் எழுதிய அளவுகளையே மறுபடி போட்டான். பொட்டோடு ஓட்டினான். இருநூற்று எண்பது. யானை திரும்ப வந்துவிட்டது. அப்போது மணி பத்தே முக்கால்.

சென்னையிலிருந்து ஒரு மேடமும், கூட ஒரு தாடிக்காரரும் வந்தார்கள். மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓட்ட ஆரம்பித்தாள். நான் அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றேன். நூற்றைம்பது. இருநூறு. நாயகம் என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்னப்பிள்ளையில் ஊசி போடும்போது பார்ப்பான், அந்தப் பார்வை. இருநூற்றுப் பத்து. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கத்தல் ஒன்றும் கேட்கவில்லை, திறந்து பார்த்தேன். இருநூற்று அறுபதில் வளைவெடுத்துப் போய்க்கொண்டிருந்தாள் மகராசி. இருபது நிமிஷம் ஓட்டினாள். டீ ஆறிப்போனது.

நிறுத்திவிட்டு, "நல்லா பிடிச்சுப் போகுது. இந்த வேகத்துல இவ்வளவு அடக்கமா ஓடுற வண்டி நான் அதிகம் பாக்கல" என்றாள். அப்புறம் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கதவுல இது என்ன அழுக்கு?" என்றாள்.

நான்தான் சொன்னேன். "அது திருஷ்டிப் பொட்டும்மா."

"யார் கண்ணு படும்னு? என் கண்ணா?"

"உங்க கண்ணு நல்ல கண்ணும்மா. கூட வந்திருக்கிறவரைத்தான் எனக்குத் தெரியாது."

தாடிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடம் சிரித்த சிரிப்பில் வசந்தாமணி கீழேயிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

நேற்றுக் கடுதாசி வந்துவிட்டது தங்கச்சி. விளையாட்டை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று பேரும் ஆடி மாசத்துக்குள் சென்னைக்குப் போய் இருந்து வேலையை முடித்துக்கொடுக்க வேண்டுமாம். அங்கே கம்பெனியிலேயே சாப்பாடு போடுவார்களாம். நல்லதுதானே. எனக்கும் முழங்கால் வலிக்கிறது, இனி யார் நின்று சமைப்பது?

இவரிடம் இதைப் போனில் சொன்னேன், வெள்ளிக் கார் வேண்டுதலை முன்பே சொல்லியிருந்தேன். உடனே, "கோயில் வாசல்ல விசாரிச்சேன். காரு உரு இல்லையாம். தேளுதான் இருக்காம். தட்டான்கிட்ட சொல்லிச் செய்யச் சொல்லியிருக்கேன்" என்றார். மனுஷர் நான் கேட்காமலே போய் விசாரித்திருக்கிறார்! "எத்தனை டயரு வைக்கணும்னு தட்டான் கேக்கான்" என்று வேறு கேட்டார். முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டியவர்.

பஸ் ஏற்றிவிட வந்த நாயகம் என் பையை மேலே வைத்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, இனிமே என்ன வேண்டுறதுன்னாலும் மொதல்ல ஜோயல்கிட்ட சொல்லு. அவன் ஓட்டிப் பாத்துட்டுச் சரின்னா வேண்டிக்கோ." கொழுப்பைப் பாருங்கள். முதல் வேண்டுதலை நான் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன், நீங்கள் தாராபுரத்தில் இறங்கிவிடுவீர்கள் என்பதால்.

இந்த பஸ் மூக்கிலும் எலுமிச்சம்பழம் தொங்குகிறது, கவனித்தீர்களா? ஏறும்போதே குனிந்து பார்த்துவிட்டேன். தரைக்கும் பழத்துக்கும் ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. இந்த டிரைவர் போகிற போக்குக்கு அது தாராளம்.

நாளைக்கு வெள்ளிக் காரை உண்டியலில் போட்டுவிடுவேன், அதில் குழப்பமில்லை. மாவிளக்குதான் குழப்பம். பாக்கி வைக்க மனசு வரவில்லை. முதல் வேண்டுதல் வேண்டாம் என்று சொல்லி மாவிளக்கைப் போட்டுக் கழித்துவிடலாம் என்று இருக்கிறேன். ஆனால் அவளுக்குத்தான் நான் சொல்வது ஒரு தடவையில் புரிவதில்லையே. மாவிளக்கைப் பார்த்ததும், ஓகோ, இவள் இன்னும் அதைத்தான் கேட்கிறாள் போல என்று நினைத்து, பையனை வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டால்?

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தங்கச்சி?

அப்படியே அனுப்பினாலும், ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகட்டுமே.